தொடுவெட்டியின் தேன்பெட்டிகள்

மார்த்தாண்டத்தின் பழம்பெயர் தொடுவெட்டி. சந்தையால் வளர்ந்த ஊர். நெரிசல் தாளாமல் 2018இல் சாலைக்கு மேலே பாலமே கட்ட நேர்ந்தது. ஆனால் கடைத்தெருவை விட்டுச் சற்றே விலகினால், 'விளை' என்று முடியும் பெயர்களைக் கொண்ட அமைதியான குடியிருப்புகளைக் காண்கிறோம். தென்னை, பலா, அயனி மரங்களுக்கு நடுவே வீடுகள் தனித்தனியே நிற்கின்றன.

அந்நிழலுக்கு வருவாய் தந்தது ஒரு சிறு மரப்பெட்டி. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் இங்கே ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்புப் பணியை நடத்தி வந்தார். மரப்பொந்திலுள்ள அடையைப் பிழிந்தால் தேனோடு புழுக்களும் நசுங்கும், கூடும் அழியும். சட்டங்கள் பொருத்திய பெட்டியிலோ அடை சிதையாமல் தேனை மட்டும் எடுக்கலாம். வயல் இல்லாதவரும் வீட்டு முற்றத்திலேயே இதைச் செய்ய முடிந்தது. நமக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் தென்னாட்டுத் தேனீக்களைப் பெருவாரியாக மாய்த்தது. பெட்டிகள் வெறுமையாயின. தொழில் மெல்லத்தான் மீண்டது. மரம் நின்ற விளைகளோ மனைகளாகப் பிரிந்து வருகின்றன. இன்று தேனுக்குப் பெருந்துணை ரப்பர் தோட்டங்களே. வியப்பு என்னவெனில், அத்தேன் பூவில் ஊறுவதன்று; இளந்தளிரின் காம்பில் சுரப்பது. தை, மாசியில் ரப்பர் தளிர்க்கும்போது பெட்டிகளும் அங்கே பயணமாகின்றன.