மலைநாட்டுத் துயரும் மனிதர் பொறுப்பும்

துன்பம் மனிதரைப் பண்படுத்தும் என்று பெரியோர் கூறுவர். ஆயின் துன்பமே சிலரைக் கொடியவராக்குவதும் உண்டு. அவ்வாறு கொடியவரானோரின் செயலுக்கு அவர் பட்ட துயர் மட்டுமே காரணமா, அவருக்கும் அதில் பங்குண்டா என்பது பழைய வினா. நுவரெலியா, ஹட்டன் மலைச்சாரல்களின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடையொன்றைத் தருகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்ட மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே பலியானோர் பலர். எஞ்சியோர் முதலில் கோப்பித் தோட்டங்களிலும், கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தனர். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குவது சிறைக்குரிய குற்றம்.

இம்மக்களைத் திரட்டி வந்தவன் கங்காணி. வழிச்செலவுக்கெனத் தோட்டம் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டது. அக்கடனைக் குறித்த காகிதமே ‘துண்டு’. துண்டு தீராமல் தொழிலாளி வேறிடம் போக இயலாது. வேலைக்கு வந்த தலையை எண்ணிக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே நோயாளியையும் லயத்திலிருந்து எழுப்பிப் பிரட்டுக்களத்தில் நிறுத்துவது அவனுக்கு ஆதாயமாயிற்று.

பெரிய கங்காணிகள் பெரும்பாலும் ஊரிலேயே செல்வாக்கும் சாதிப் பெருமையும் பெற்றிருந்தோர். சில்லறைக் கங்காணியின் நிலை வேறு. அவன் தன் உறவினரையே சிறு கூட்டமாக நடத்தி வந்தவன். அவர்களோடு அதே காட்டு வழியில் நடந்தவன். துரையின் முன் அவர்களைப்போலவே தலைப்பாகையைக் கழற்றி நின்றவன். மேலிருந்து வந்த அச்சம் அவன் வழியாகக் கீழே இறங்கியது. வைதலையும் அடியையும் கண்டு வளர்ந்த சிலர், தம் கைக்கு அதிகாரம் வந்தபோது அவற்றையே கையாண்டனர்.

இதே துயர் தோட்டத்து வீட்டினுள்ளும் புகுந்தது. 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலியின்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறித்து மீண்ட பெண் அடுப்பையும் குழந்தையையும் கவனித்தாள். அவளுடைய சம்பளத்தைக் கணவன் கையில் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. பகலில் மலையில் அவமானப்பட்டவன் மாலையில் சாராயக் கடைக்குச் சென்று, இரவில் மனைவியை அடித்த கதை பல லயங்களில் நிகழ்ந்தது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அதே மழையில் நனைந்து, அதே வசவைக் கேட்டு, அவனிலும் குறைந்த கூலி பெற்றவள் அம்மனைவி. பெருந்துயர் பட்டவளும் அவளே. ஆயினும் அவள் கை பிறர்மேல் ஓங்கவில்லை. அவ்வாறே அவமானம் பட்ட ஆடவர் எல்லோரும் வீட்டில் கை நீட்டியவரும் அல்லர். துயர் ஒன்றாயிருக்கச் செயல் வேறானமையால், துயருக்கும் செயலுக்கும் இடையே மனிதரின் தெரிவு ஒன்று நிற்கின்றது என்பது பெறப்படும். அத்தெரிவிலேயே பொறுப்பு பிறக்கின்றது.

துயரை வேறு வழியில் திருப்பியோரும் இம்மலைநாட்டில் இருந்தனர். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர் மனைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளரின் துன்பத்தைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அத்துன்பத்தை எழுத்தாக்கினார். இறம்பொடையில் தோட்டம் வாங்கிய கங்காணி ஒருவரின் மகனாகிய சௌமியமூர்த்தி தொண்டமான் தொழிற்சங்கத் தலைவரானார். கங்காணி மரபில் பிறந்தவரும் அம்மரபின் வழியே நடக்க வேண்டும் என்னும் விதி இல்லை.

இவ்வாறு கூறுவதால் துரைமாரும் அரசும் தப்பிவிட முடியாது. துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலுக்கு இருகரையிலும் பிரித்தது. ஆண் பெண் கூலி சமமானது 1984இல்தான். கங்காணியின் பொறுப்பால் துரையின் பொறுப்பு குறையாது. துரையின் பொறுப்பால் கங்காணியின் பொறுப்பு மறையாது. அடித்த கணவனுக்கும் இதுவே நியாயம்.

இலங்கையின் 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இவ்விரண்டையும் தழுவி நிற்பது குறிப்பிடத்தக்கது. துன்புறுத்துவோரைத் தடுக்கும் கட்டளையை நீதிமன்றம் பிறப்பிக்கலாம். உளவள ஆலோசனைக்குச் செல்லுமாறும் பணிக்கலாம். அடியை நிறுத்துவதும் அடித்தவனின் புண்ணை ஆற்றுவதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஒருவருக்கு நேர்ந்த கேட்டை அறிந்து இரங்குவது மனித இயல்பு. அக்கேட்டை அடுத்தவர்க்குக் கையளியாமல் தம்மோடு நிறுத்துவது மனிதரின் கடமை.