வாஷிங்டன் என்னும் குடும்பப் பெயர்

வாஷிங்டன் முதலில் ஓர் ஊரின் பெயர். இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் நகருக்கு வடக்கே அந்த ஊர் இன்றும் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹெர்ட்பர்ன் என்ற ஊரில் நிலம் வைத்திருந்த வில்லியம் என்பவர் அதை டர்ஹாம் பிஷப்பிடம் கொடுத்து, மாற்றாக இந்த ஊர் நிலத்தைப் பெற்றார். நிலக்கிழார்கள் ஊர்ப்பெயரையே தம் பெயரோடு சேர்த்து வழங்கிய காலம் அது. ஊர் மாறியதும் வில்லியமின் பெயரும் மாறியது.

அவர் வழிவந்தோரில் ஒரு கிளை தெற்கே நகர்ந்தது. அக்கிளையின் லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வாணிகர். நார்தாம்ப்டன் நகர மேயராகவும் இருந்தவர். எட்டாம் ஹென்றி மடங்களின் சொத்துகளைப் பறித்து விற்றபோது, 1539இல் சல்கிரேவ் பண்ணையை அவர் வாங்கினார். அவர் சந்ததியான ஜான் 1650களில் வர்ஜீனியாவில் குடியேறிப் புகையிலை பயிரிட்டார். ஜானின் கொள்ளுப்பேரன்தான் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் (1732–1799).

ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அவர் பெயரை நாடு எடுத்துக்கொண்டது. அவர் பதவியில் இருக்கும்போதே, 1791இல், புதிய தலைநகருக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. அந்நகரின் கொடியில் உள்ள இரண்டு சிவப்புப் பட்டைகளும் மூன்று நட்சத்திரங்களும் வாஷிங்டன் குடும்பச் சின்னத்திலிருந்து வந்தவை. பசிபிக் கரையில் குடியேறியவர்கள் தங்கள் பகுதிக்குக் கொலம்பியா என்று பெயர் கேட்டிருந்தார்கள். தலைநகர் அமைந்த கொலம்பியா மாவட்டத்தோடு குழப்பம் வருமென்று 1853இல் நாடாளுமன்றம் அதை வாஷிங்டன் என்று மாற்றியது. அமெரிக்க அதிபர் ஒருவரின் பெயரைத் தாங்கிய ஒரே மாநிலம் அதுதான்.

இப்பெயரின் இன்னொரு வரலாறு ஜார்ஜின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் தொடங்குகிறது. ஜார்ஜ் இறந்த ஆண்டில் அங்கே 317 அடிமைகள் இருந்தார்கள். விடுதலைப் போர் நடந்தபோது அப்பண்ணையிலிருந்து தப்பிப் பிரிட்டிஷ் படையிடம் சேர்ந்தவர் ஹாரி வாஷிங்டன். ஆப்பிரிக்காவில் பிறந்த அவர் கனடாவின் நோவா ஸ்கோஷியா வழியாக 1792இல் சியரா லியோனுக்குப் போய்ச் சேர்ந்தார். விடுதலைக்காகப் போரிட்ட தளபதியின் பெயரோடு தம் விடுதலையைத் தாமே தேடிக்கொண்ட இம்மனிதருக்கு வரலாற்று நூல்களில் இன்னும் கூடுதல் இடம் வேண்டும்.

1865இல் அடிமை முறை ஒழிந்தபோது, குடும்பப் பெயரே இல்லாதிருந்த லட்சக்கணக்கானோர் தமக்கென ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். மேற்கு வர்ஜீனியாவில் புக்கர் என்ற சிறுவன் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனான். ஆசிரியர் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடும்போது, மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்தான். தன் முறை வருவதற்குள் முடிவு செய்து, புக்கர் வாஷிங்டன் என்று பதில் சொன்னான். அவனுடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். அச்சிறுவனே 1881இல் டஸ்கிகீ கல்விக்கூடத்தின் முதல் தலைவராகி, கறுப்பின மக்களின் கல்விக்குப் பெருந்தொண்டு செய்த புக்கர் டி. வாஷிங்டன்.

2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருடன் சுமார் 1,63,000 பேர் பதிவானார்கள். பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். நடிகர் டென்சல் வாஷிங்டனை உலகம் அறியும். 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானவர் ஹாரல்ட் வாஷிங்டன். அந்நகரில் 1991இல் திறக்கப்பட்ட மையப் பொது நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.