பாட்டியின் பஞ்சாரமும் பர்னார்டின் கம்பிவலையும்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் பாட்டி கோழி வளர்த்தாள். பகலில் பருந்துக்குப் பயந்து குஞ்சுகளை மூங்கில் பஞ்சாரத்தால் மூடிவைப்பாள். ராத்திரி கம்பிவலைக் கூண்டு. ஒருநாள் விடிந்து பார்த்தால் ஒரு குஞ்சுகூட இல்லை. பெருச்சாளி தரைக்கடியில் வளை தோண்டி வந்திருக்கிறது! பாட்டி அன்று சாப்பிடவே இல்லை.

அந்த அறுகோண வலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1844-ல் இங்கிலாந்தின் நாரிச் நகரத்து இரும்பு வியாபாரி சார்லஸ் பர்னார்ட், துணி நெய்யும் இயந்திரத்தைப் பின்பற்றி இதைப் பின்னினார். கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். எலி உள்ளே வராமல் தடுக்க முடியாது. கண்ணி பெரிசு, கம்பி மெல்லிசு.

இப்போது இங்கே என் மகளும் கோழி கேட்கிறாள். இந்தமுறை அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டிங் வலை. சுற்றிலும் ஒரு அடி ஆழம் புதைத்து, வெளிப்பக்கமாக மடக்கியாயிற்று. மேயும் இடத்தில் வைக்கோல் வேண்டாம், நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். பருமணல் போட்டேன், தண்ணீர் வடியும், எச்சத்தைச் சலித்து அள்ளலாம்.

வங்கியில் ஸ்ட்ராங் ரூமுக்குக் கதவு மட்டுமா பார்க்கிறோம்? தரைக்கும் கான்கிரீட் போடுகிறோமே! பாட்டி கூண்டுக்கு அது தோன்றவில்லை, பாருங்கள்.

உங்கள் வீட்டுக் கூண்டுக்குத் தரை எப்படி?