மூன்று தூண்களின் சாட்சியம்

இத்தாலி நாட்டில் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே, கடலோரத்தில் பொட்சுவோலி என்னும் ஊர் உள்ளது. கைதியாக உரோமைக்கு அழைத்துச் செல்லப்பட்ட புனித பவுல் கரையிறங்கிய புத்தேயோலி இதுவே. அங்கே சகோதரர்களைக் கண்டு அவர் ஏழு நாள்கள் தங்கினார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. ஆனால் அக்காலத்து உரோமையர் கண்ட கடற்கரையின் பெரும்பகுதி இன்று நீருக்கடியில் கிடக்கிறது. அருகிலுள்ள பையா ஊரில் செல்வர்கள் கட்டிய மாளிகைகளின் தளங்களுக்கு மேலே இன்று மீன்கள் நீந்துகின்றன. கடல் பொங்கி வந்து அவற்றை விழுங்கிவிடவில்லை. அவற்றைத் தாங்கிய மண்ணே கீழே இறங்கியது.

காரணம், அந்த ஊர் ஓர் எரிமலைக்குள்ளேயே அமைந்திருப்பதுதான். எரிமலை என்றதும் கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் வெசூவியஸ் போன்ற மலையே நம் மனக்கண்ணில் தோன்றும். இங்கே அத்தகைய மலை இல்லை. ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விடத்தில் நிகழ்ந்த மாபெரும் வெடிப்பின் சாம்பல் இன்றைய ரஷ்யா வரை சென்று படிந்தது. அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறியதும், தாங்குவாரின்றி மேற்பரப்பு உள்நோக்கிச் சரிந்தது. இவ்வாறு உண்டாகும் பெரும்பள்ளத்தைக் கால்டெரா என்பர். ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்னர் மற்றொரு பெருவெடிப்பு நேர்ந்தது. அது கொட்டிய சாம்பல் இறுகி மஞ்சள் நிறப் பாறையாயிற்று. நேப்பிள்ஸ் நகரின் பழைய கட்டடங்கள் பல அப்பாறையை வெட்டிக் கட்டப்பட்டவையே. இன்று 12 முதல் 15 கிலோமீட்டர் அகலமுள்ள இப்பள்ளத்தின் ஒரு பகுதி கடலாகவும், மறுபகுதி ஊர்களாகவும் இருக்கிறது. எரியும் வயல்கள் என்று பொருள்படும் காம்ப்பி ஃபிளெக்ரெயி என்பது இதன் பெயர்.

இம்மண் அழிவை மட்டும் தரவில்லை. பொட்சுவோலியின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்தால், அக்கலவை நீருக்கடியிலும் கல்லாக இறுகும். இதை உரோமையக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்துள்ளார். ஏரோது மன்னன் செசரியாவில் துறைமுகம் கட்டியபோது, நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியின் சாம்பல் கப்பலேறி அங்கே சென்றது. பவுல் சிறையிருந்த நகரும் அதே செசரியாதான். அவர் கண்ட அந்தத் துறைமுகத்தின் மண்ணும், பின்னர் அவர் கரையிறங்கிய ஊரின் மண்ணும் உறவுடையவை.

இனி, மண் அசைந்த வரலாற்றைக் காண்போம். 1750-ஆம் ஆண்டு பொட்சுவோலியில் நடந்த அகழ்வில் உயர்ந்த மூன்று சலவைக்கல் தூண்கள் வெளிப்பட்டன. செராப்பிஸ் என்ற தெய்வத்தின் சிலை அங்கே கிடைத்ததால், அது அத்தெய்வத்தின் கோயில் என்று கருதினர். உண்மையில் அது உரோமையர் காலத்துச் சந்தை. ஒவ்வொரு தூணிலும் அடிப்பகுதி வழவழப்பாக இருக்கிறது. ஆளுயரத்தின் இருமடங்கு உயரத்தில் ஒரு பட்டைபோல் எண்ணற்ற துளைகள்! அவை கடலில் வாழும், கல்லைக் குடையும் சிப்பியின் வேலை. அப்படியானால் நிலத்தில் நிறுவிய தூண், நின்ற நிலையிலேயே கடலுக்குள் இறங்கி, மீண்டும் மேலே வந்திருக்க வேண்டும். அடிப்பகுதி மண்ணிலும் இடிபாட்டிலும் புதைந்திருந்ததால் சிப்பிகளிடமிருந்து தப்பியது. 1828-இல் இதைக் கண்ட ஆங்கிலேய நிலவியல் அறிஞர் சார்ல்ஸ் லையல், 1830-இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலின் முகப்புப் படமாக இத்தூண்களையே வைத்தார். நிலம் மெல்ல மெல்ல இடம் மாறக்கூடியது என்பதற்கு அவை கல்லில் எழுதிய சான்றாயின.

மெல்ல அசைந்த மண் ஒருமுறை வாய் திறந்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கடல் பின்வாங்கிப் புதுநிலம் தோன்றியது. அந்நிலத்தை நகர மக்களுக்கே உரிமையாக்கி 1503-இலும் 1511-இலும் அரச ஆணைகள் பிறந்தன. தரை உயர்வதை அன்று வரமாகவே எண்ணினர் போலும். 1538 செப்டம்பர் 29 அன்று திரிப்பெர்கொலே என்னும் சிற்றூரின் அருகே நிலம் பிளந்தது. ஒரே வாரத்தில் 130 மீட்டருக்கும் மேற்பட்ட குன்று எழுந்து, அவ்வூரை மூடியது. புதுமலை என்றே இன்றும் அதற்குப் பெயர். வெடிப்பு ஓய்ந்துவிட்டது என நம்பி அதன்மேல் ஏறியவர்களில் 20-க்கும் மேற்பட்டோர், திடீரென எழுந்த கடைசிச் சீற்றத்தில் மாண்டனர்.

அதன்பின் தரை பல நூற்றாண்டுகள் தாழ்ந்து வந்தது. 20-ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. 1970 மார்ச்சில், ஊரின் பழம்பெரும் மேட்டுக்குடியிருப்பான ரியோனே தெர்ராவிலிருந்து ஏறத்தாழ 3,000 பேர் படைவீரர்களால் வெளியேற்றப்பட்டனர். 1982-க்கும் 1984-க்கும் இடையே தரை 1.8 மீட்டர் உயர்ந்தது. படகுகள் கட்டுமிடம் எட்டாத உயரத்திற்குச் சென்றதால், தாழ்வாகப் புதுத்துறை கட்ட நேர்ந்தது. ஏறத்தாழ 40,000 பேர் இடம்பெயர்ந்தனர். மொந்தெருஷெல்லோ என்னும் புதிய குடியிருப்பு எழுந்தது. ஆனால் இருமுறையும் எரிமலை வெடிக்கவில்லை.

வெடிக்காத எரிமலைக்காக வீட்டை இழந்தவர்களின் துயரை எந்தக் கணக்கில் எழுதுவது? அவர்களை வெளியேற்றியது தவறென்று சொல்லிவிட முடியாது. 1538-இல் எழுந்த தரைக்கும் 1983-இல் எழுந்த தரைக்கும் மேலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. பாறைக்குழம்பு ஏறுகிறதா, சூடேறிய நீரும் வளிகளும் அழுத்துகின்றனவா, இரண்டும் சேர்ந்தனவா என்று அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர். காப்பாற்ற எடுத்த முடிவுக்கும் விலை உண்டு. அவ்விலையைத் தந்தவர்கள் பெரும்பாலும் எளியவர்களே.

2005 முதல் தரை மீண்டும் உயர்ந்து, 1.4 மீட்டரைத் தாண்டிவிட்டது. 2012-இல் எச்சரிக்கை மஞ்சள் நிலைக்கு உயர்த்தப்பட்டது. 2024 மே மாதத்தில் 4.4 அளவிலும், 2025 ஜூன் மாதத்தில் 4.6 அளவிலும் நிலநடுக்கங்கள் ஊரை உலுக்கின. பெரும் ஆபத்துப் பகுதியில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் வாழ்கின்றனர். 1841-இல் நிறுவப்பட்ட வெசூவியஸ் ஆய்வகம் இரவும் பகலும் கருவிகளால் அம்மண்ணின் அசைவைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ரியோனே தெர்ராவின் உச்சியில் புனித புரோக்குலுஸ் பேராலயம் நிற்கிறது. 1964-இல் தீப்பற்றி எரிந்தபோது, அதன் சுவர்களுக்குள் மறைந்திருந்த உரோமையக் கோயிலின் சலவைக்கல் தூண்கள் வெளிப்பட்டன. மக்கள் நீங்கிய மேட்டில் நெடுங்காலம் மூடிக்கிடந்த அப்பேராலயம், பழந்தூண்களைத் தன்னுள் காட்டியபடியே 2014-இல் மீண்டும் திறக்கப்பட்டது. கீழே சந்தைத் தூண்கள் மூன்றும் நிற்கின்றன. நிலையானது என்று நாம் நம்பும் தரையும் ஏறி இறங்கும் என்பதை அவை அறிவிக்கின்றன. அசையும் தரைமேல் வாழ்வோருக்கு வேண்டியது அச்சமும் அன்று, மறதியும் அன்று. விழித்திருக்கும் கண்ணும், புறப்பட வேண்டிய நாளில் எளியவரைக் கைவிடாத மனமுமே.