கரிகாலனைக் கொன்றது யார்? எங்க வீட்டுல மூணு தீர்ப்பு

பொன்னியின் செல்வன் பத்தி இன்னொரு பதிவான்னு நீங்க மவுசைத் தூக்குறது தெரியுது. கொஞ்சம் பொறுங்க சாமி. வந்தியத்தேவன் எவ்வளவு அழகு, குந்தவை எவ்வளவு அறிவுன்னு எல்லாம் எழுதப் போறதில்லை. படிச்சவங்க என்ன சொன்னாங்க, எதுக்குச் சண்டை போட்டாங்க, அந்தச் சண்டையில கல்வெட்டு எந்தப் பக்கம் நிக்குது... இதான் மேட்டர்.

எங்க ஊரு கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போற ரோட்டுல, ரெண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை. (வேர்க்கடலைன்னு சொன்னா எங்க ஊர்ல உங்களை வெளியூர்க்காரன்னு முடிவு பண்ணிடுவாங்க.) சோழ ராஜாக்கள் காலடி பட்ட ஊருன்னெல்லாம் அளக்க மாட்டேன். ஆனா அப்பாவோட பழைய காகிதத்துல எல்லாம் மாவட்டம் பேரு 'திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்'னு இருக்கும். 1989ல வட ஆற்காட்டைப் பிரிச்சப்போ வெச்ச பேரு, 90களோட கடைசியில எடுத்துட்டாங்க. சின்ன வயசுல கடம்பூர் சம்புவரையர் வர்ற இடமெல்லாம் "நம்ம மாவட்டத்துக்காரர்டா"ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு படிச்சேன். படைவீட்டுச் சம்புவராயர்கள் பெரிய ஆளா வந்தது பல தலைமுறைக்கு அப்புறம்னு பிற்பாடுதான் தெரிஞ்சது. அதுக்குள்ள அவர் மாளிகையிலேயே கொலை விழுந்து, மானம் கப்பலேறிடுச்சு :-)

எங்க வீட்டுல அந்தக் கொலைக்கு மூணு தீர்ப்பு இருக்கு. தாத்தா ஒண்ணு, அம்மா ஒண்ணு, நான் ஒண்ணு.

தாத்தா தொடராவே படிச்சவரு. 1950 அக்டோபர் கடைசியில கல்கி பத்திரிகையில ஆரம்பிச்சு 1954 மே வரைக்கும் ஓடுச்சு. மூணரை வருஷம்! இன்னிக்கு ஒரு வெப் சீரிஸ் அடுத்த சீசனுக்கு ஆறு மாசம் ஆனா நமக்குப் பைத்தியம் புடிக்குது. மூணாம் பாகத்துக்குப் பேரே 'கொலை வாள்'. ஆனா கொலை விழுறது நாலாம் பாகத்துக் கடைசியில. வாளைக் காட்டிட்டு வாரக்கணக்குல காக்க வெச்ச மனுஷன் கல்கி. தாத்தா அப்ப பள்ளிக்கூடப் பையன். திருவண்ணாமலையில தெரிஞ்சவங்க வீட்டுத் திண்ணையில ஒருத்தர் சத்தமாப் படிக்க, மத்தவங்க மணியம் போட்ட படத்தை எட்டிப் பாப்பாங்களாம்.

அவருக்குப் புடிச்சது சரித்திரம் இல்லை, சிரிப்பு. ஆழ்வார்க்கடியான் கைத்தடியை வெச்சுக்கிட்டு சைவர்களோட வாதம் பண்றது, குடந்தை ஜோசியர் வீட்டுல ஆளாளுக்கு ஜாதகம் கேட்டு வந்து மாட்டிக்கிறது, வைத்தியர் மகன் பினாகபாணி. இதையெல்லாம் எழுபது வயசுலயும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. யோசிச்சுப் பாத்தா அது சும்மா சிரிப்பு இல்லைங்க. துப்பறியும் கதைக்கு வேண்டிய தகவலை எல்லாம் கல்கி இந்தக் கோமாளிகள் கையிலதான் கொடுத்து அனுப்புறாரு. நாம சிரிச்சிட்டிருக்கும்போது சதிகாரன் பக்கத்துல நடந்து போயிருப்பான்.

அதே தாத்தாவுக்குக் கடைசி பாகம்னா கோபம் வரும். "பந்தி பாதியில இருக்கும்போதே எலையை எடுத்துட்டான்டா" என்பார். வந்தியத்தேவன் - குந்தவை கல்யாணம் என்னாச்சு? நந்தினி எங்க போனா? ராஜராஜன் பட்டத்துக்கு வர்றதை ஏன் காட்டலை? கலகலன்னு ஆடிப்பெருக்குல ஆரம்பிச்ச கதை, மணிமேகலை சாவுல முடியலாமா?

இது தாத்தா ஒருத்தரோட புலம்பல் இல்லை. அவசர அவசரமா முடிச்சுட்டீங்கன்னு அந்தக் காலத்து வாசகர்கள் எழுதின கடிதங்களாலதான் கல்கி தனியா ஒரு முடிவுரையே எழுத வேண்டி வந்தது. அதுல யார் யார் என்ன ஆனாங்கன்னு சுருக்கமா கணக்கு ஒப்பிச்சாரு. பிறகு நடந்ததை வேற எழுத்தாளர்கள் எழுதலாம்னு வழியும் விட்டாரு. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'ன்னு தொடர்ச்சியே எழுதினாரு. கல்கிக்கு மறுபடி உக்காந்து எழுத நேரம் கிடைக்கலை. தொடர் முடிஞ்சு ஏழு மாசத்துல, 1954 டிசம்பர் 5, காலமாயிட்டார். கையில இருந்த 'அமரதாரா'வை மகள் ஆனந்திதான் முடிச்சாங்க. இதைச் சொன்னா மட்டும் தாத்தா கொஞ்சம் அடங்குவாரு.

சரி, கொலைக்கு வருவோம். நாவல்ல பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டு உயிரை விட்டுடறாரு. அதை நம்பாத வாசகர்கள் ஏராளம். நந்தினிதான்னு ஒரு கட்சி, ரவிதாசன்தான்னு ஒரு கட்சி, கரிகாலன் தானே போய் விழுந்தான்னு ஒரு கட்சி. அம்மா கடைசிக் கட்சி. "அவனுக்கு வாழவே இஷ்டமில்லடா, கொன்னது யாருன்னு கேக்குறதே தப்பு" என்பாங்க. அம்மா படிச்சது பழைய பைண்டு புத்தகத்துல, கல்யாணமாகி வந்த புதுசுல, அடுப்புல பால் பொங்கி வழிய. 2022லயும் 2023லயும் மணிரத்னம் படம் ரெண்டு பாகமா வந்தப்போ, "நான் சொன்னதைத்தான் எடுத்திருக்காரு"ன்னு ஒரே பெருமை.

தாத்தா தமிழ் வாத்தியார். அவர் அலமாரியில சதாசிவ பண்டாரத்தாரோட 'பிற்காலச் சோழர் சரித்திரம்' இருந்தது. அவர் போட்ட தீர்ப்பு வேற: "நாவலை விடு. உத்தம சோழனை விசாரி."

இங்கதான் எனக்கு ஆர்வம் சூடு புடிச்சது. நிஜமான ஆதாரம் ஒண்ணு இருக்கு. காட்டுமன்னார்கோயில்ல உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராயன்னு பேர் போட்டு, கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்னு சொல்லுது. ராஜகேசரி ஒருத்தரோட ரெண்டாம் ஆட்சியாண்டு. அது ராஜராஜன்தான்னு நீலகண்ட சாஸ்திரி எடுத்துக்கிட்டார். அப்படின்னா சுமார் 987.

கொலை நடந்தது 969 வாக்குல. கணக்குப் போடுங்க, பதினெட்டு வருஷம்! நடுவுல 15 வருஷம் ஆண்டது உத்தம சோழன். பட்டத்து இளவரசனைக் கொன்னவங்க சொத்தோட சுகமா இருக்க, ராஜா ஏன் சும்மா இருந்தார்? கரிகாலன் இல்லாம போனதால லாபம் யாருக்கு? திருவாலங்காட்டுச் செப்பேடு வேற, சித்தப்பாவுக்கு நாட்டு மேல ஆசை இருக்கிறவரை தனக்கு வேண்டாம்னு அருள்மொழி விட்டுக்கொடுத்ததாச் சொல்லுது. சாஸ்திரியோட சந்தேகம் உத்தமன் மேல விழுந்தது. பண்டாரத்தார் அதை ஒத்துக்கலை. உத்தமன் கை அதுல இருந்தா குடிமக்களும் அருள்மொழியும் அவரை ஏத்துக்கிட்டு இருப்பாங்களான்னு கேட்டாரு.

தாத்தா அலமாரியில பண்டாரத்தாரை வெச்சுக்கிட்டு சாஸ்திரி கட்சியில இருந்தாரு. அது எப்படின்னு கேட்டா, "எதிர்க்கட்சி புஸ்தகத்தைத்தான்டா காசு குடுத்து வாங்கணும்" என்பார்.

இப்ப கல்கி செஞ்ச வேலையைப் பாருங்க. எனக்கு இது புரிய ரெண்டாம் வாட்டி படிக்க வேண்டியிருந்தது. செம்பியன் மாதேவி மாதிரி ஒரு அம்மா. கோயில் கோயிலா செங்கல்லை எடுத்துட்டு கருங்கல்லாக் கட்டின மகராசி. அவங்க பெத்த பிள்ளை மேல கொலைப்பழி. கல்கி என்ன செய்யறாரு? பிள்ளையையே மாத்திடறாரு! சதிகாரங்க கூட சேர்ந்து பட்டத்துக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் அந்தம்மா பிள்ளையே இல்லை. நிஜப் பிள்ளை பூ கட்டி, தேவாரம் பாடிட்டிருந்த சேந்தன் அமுதன். அவன்தான் உத்தம சோழனா முடிசூட்டிக்கிறான். ஆசைப்பட்டவன் ஒருத்தன், ஆண்டவன் ஒருத்தன். குற்றவாளிக் கூண்டுல இருந்த ராஜாவை ஆள் மாறாட்டம் பண்ணி விடுதலை பண்ணிட்டார். மர்ம நாவலுக்கு இது ஒரு திருப்பம். சரித்திரச் சண்டையில இது ஒரு வக்கீல் வாதம். படத்துல இந்த மாறாட்டத்தைத் தூக்கிட்டாங்க, மதுராந்தகனே முடிசூட்டிக்கிறார். கதை இறுக்கமாச்சு, வாதம் போச்சு.

இதோட விளைவு என்னன்னா, என் ஆபீஸ்ல பக்கத்து சீட்டு நண்பன், நல்லா படிச்சவன், உத்தம சோழன் பூக்காரர் வீட்டுல வளர்ந்தார்னு நிஜ வரலாறாவே நம்புறான். நந்தினிக்கு எந்த ஊர்ல கோயில் இருக்குன்னு கேட்டான். நந்தினியே கற்பனைடான்னு சொன்னதுக்கு ரெண்டு நாள் பேசலை. க.நா.சு. காலத்திலிருந்து தீவிர இலக்கியக்காரங்க கல்கியை ஓரமாத்தான் வெச்சிருக்காங்க. வெறும் பொழுதுபோக்குன்னு அவங்க சொல்றதை நான் முழுசா ஏத்துக்கலை. ஆனா ஒரு நாவல் இவ்வளவு நல்லா இருந்தா அது சரித்திரத்தை மூடிடும்ங்கிற பயம் எனக்கும் உண்டு.

போன வருஷம் பொங்கல் லீவுல நானும் நண்பனும் பைக்ல கிளம்பிட்டோம். திருவண்ணாமலை, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில். முதுகு போச்சு. வழியில திருக்கோவிலூர்ல வீரட்டானேசுவரர் கோயில். கரிகாலன், குந்தவை, ராஜராஜனோட அம்மா வானவன்மாதேவி மலையமான் வீட்டுப் பொண்ணு. சுந்தர சோழர் இறந்தப்போ பால் குடிக்கிற குழந்தையை விட்டுட்டு உடன்கட்டை ஏறினதை அங்க ஒரு கல்வெட்டு சொல்லுது. நாவல் முடியும்போது ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க. கல்கி அதுக்கு முன்னாடியே திரையைப் போட்டது நல்லதுன்னு அந்த மண்டபத்துல உக்காந்து மோர் குடிச்சப்போ தோணிச்சு. தாத்தா இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு.

காட்டுமன்னார்கோயில் போய்ச் சேர்ந்தப்பதான் மண்டையில அடிச்ச மாதிரி ஒண்ணு விளங்கிச்சு. அந்த ஊரோட சோழர் காலப் பேரு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். நாவல் ஆரம்பிக்கறதே அங்கதான்! வீரநாராயண ஏரிக்கரையில வந்தியத்தேவன் குதிரையில வர்றான், அந்த ஊர்லதான் ஆழ்வார்க்கடியானைப் பாக்கறான். ஐந்து பாகம் தேடப் போற கொலைக்கான சாட்சி செதுக்கியிருக்கிற ஊர்லயே முதல் அத்தியாயத்தைத் தொடங்கியிருக்காரு. வேணும்னே செஞ்சாரான்னு கேட்டா, கல்வெட்டை அறிஞ்ச மனுஷன், சும்மா செஞ்சிருக்க மாட்டாருன்னுதான் நான் சொல்வேன்.

கல்வெட்டைப் படிக்க எனக்குத் தெரியாது. அச்சுல வந்த வாசகத்தைப் போன்ல வெச்சுக்கிட்டுத் தடவித் தடவிப் பாத்தேன். தாத்தா கேஸுக்கு அது அவ்வளவா உதவலை. கொலையை விசாரிச்ச தேதி அதுல இல்லைங்க. துரோகிகளோட நிலத்தைச் சபையார் கைக்கொண்டு வித்த விவரம்தான். ஊர்ல நிலத்தகராறு எத்தனை தலைமுறை இழுக்கும்னு மல்லாட்டைக் கொல்லைக்காரனுக்குத் தெரியாதா? சொத்து விக்கிற பத்திரம் பதினெட்டு வருஷம் கழிச்சு எழுதினாங்கங்கறதால நடுவுல ஆண்டவன் குற்றவாளின்னு சொல்ல முடியாது. உத்தமனுக்கு சந்தேகத்தின் பலனைக் கொடுத்துட்டேன். கல்கி கதையையும் அது முழுசாக் காப்பாத்தலை. அவர் ரவிதாசனைப் பாண்டிய ஆபத்துதவி ஆக்கினாரு. வீரபாண்டியன் தலையைக் கொண்ட கரிகாலனைப் பழி வாங்க வந்தவன். ஆனா இருமுடிச்சோழ பிரமாதிராயன்ங்கறது சோழ அரசாங்கம் தன் அதிகாரிக்குக் கொடுக்கிற பட்டம். ஆளு உள்ள இருந்தவங்க. ஏன் செஞ்சாங்க? கல்லு அதைச் சொல்லலை.

சொல்றது இன்னொண்ணு. அந்த ஆணை கொன்னவங்களோட நிக்கலை. அவங்க தம்பிமார், பிள்ளைங்க, பெண்டாட்டிங்க, பெரியப்பன்மார், தாய்மாமன்மார், பெண் குடுத்த மாமனார்ங்க, அக்கா தங்கச்சியைக் கட்டினவங்க, மகளைக் கட்டினவங்க... இத்தனை பேர் சொத்தும் போச்சு. உடன்பிறந்தவன்னு ஒரு 'மலையனூரான்' வேற. எங்க ஊருக்குப் பக்கத்துல மேல்மலையனூர் இருக்கு. அந்த மலையனூரான்னு சொல்ல ஆதாரம் கிடையாது, ஆனா ஒரு நிமிஷம் வயித்தைக் கலக்கிச்சு. எழுபது வருஷமா யார் கொன்னான்னு வாதம் பண்றோம். மச்சினன் செஞ்சதுக்கு நிலத்தை விட்டு எழுந்திரிச்சுப் போனவன் எவனோ ஒருத்தன், அவனைப் பத்தி எங்க வீட்டு மூணு தீர்ப்புலயும் ஒரு வரி இல்லை.

கோயில் வாசல்ல இருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாங்க.

"கல்லுல நந்தினி பேரு இருக்காடா?"

"இல்லமா."

"அப்ப எழுதினவனுக்கு விஷயமே தெரியலை"ன்னு சொல்லிட்டு, வரும்போது விருத்தாசலத்துல பீங்கான் ஊறுகா ஜாடி ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னாங்க.