சாட்சிகளின் பதிவேடு: சேர்த்தலும் நீக்கலும்

தொழிலுக்கு இழுக்குத் தேடிய வழக்கறிஞரைக் கண்டிக்கவும், குறித்த காலம் நிறுத்தி வைக்கவும், பதிவேட்டிலிருந்து அவர் பெயரையே நீக்கவும் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவில் வழி செய்திருக்கிறது. இத்தகைய ஏற்பாடு ஆங்கிலேயர் வந்த பிறகே உலகம் கண்டது என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். இன்றைய சட்டத்தின் வடிவம் அவ்வழியில் வந்ததுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் நீதிமன்றத்தைச் சார்ந்து நின்ற ஒரு கூட்டத்தாரின் நேர்மையை இடைவிடாது விசாரித்து, தவறியவரை விலக்கும் வழக்கத்தை எகிப்தின் காஜிகள் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே கைக்கொண்டிருந்தனர்.

அக்கூட்டத்தார் வழக்காடுவோர் அல்லர், சாட்சிகள். பிறருக்காக வாதிடும் வகீல்கள் அன்றும் இருந்தனர். ஆனால் வழக்கின் உயிர்நிலை சாட்சியத்தில் இருந்தது. விற்பனைப் பத்திரமாயினும் வக்ஃபு சாசனமாயினும், நேர்மையாளர் இருவர் வாய்மொழியாக உறுதி கூறினாலன்றி வெறும் எழுத்துக்கு மதிப்பில்லை. அந்த நேர்மைக்குப் பெயர் ‘அதாலத்’. நாளடைவில் அஃது ஒரு பதவியாகவே ஆயிற்று.

எகிப்தின் காஜிகள் வரலாற்றை எழுதிய அல்கிந்தீ (இறப்பு ஹி. 350) இதனைப் படிப்படியாகக் காட்டுகிறார். தொடக்கத்தில் நல்லவர் என அறியப்பட்டவரின் சாட்சியம் ஏற்கப்பட்டது, அவ்வளவே. காஜி கவ்ஸ் பின் ஸுலைமான் காலத்தில் பொய்ச்சாட்சி பெருகவே, அவர் சாட்சிகளைப் பற்றி மறைவாக விசாரிக்கலானார். பின்னர் காஜி அல்முஃபள்ளல் பின் ஃபளாலா, இவ்விசாரணைக்கென்றே ‘ஸாஹிபுல் மஸாயில்’ என்றோர் அலுவலரை அமர்த்தினார். நேர்மையை அளக்க வந்த அந்த மனிதரே கையூட்டுப் பெற்றுக்கொண்டு நற்சான்று வழங்கினார் என்று பேச்செழுந்தது! ஹி. 185இல் வந்த காஜி அல்உமரீ சாட்சிகளின் பெயர்களை ஏட்டில் பதிவு செய்தார். லஹீஆ பின் ஈஸாவோ ஒருமுறை பதிந்ததோடு அமையவில்லை. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை விசாரணையைப் புதுப்பித்து, குறை கண்டவரை நிறுத்தி வைத்தார்.

ஹி. 212இல் காஜியான ஈஸா பின் அல்முன்கதிர், இரவில் தலையை மூடிக்கொண்டு, யாரென்று தெரியாதவாறு தெருக்களில் நடந்து சாட்சிகளைப் பற்றி விசாரிப்பாராம். அவர் காலத்தில் ஸாஹிபுல் மஸாயில் பொறுப்பை வகித்தவர் மாலிக்கீ மேதை அப்துல்லாஹ் பின் அப்துல் ஹகம் (ரஹ்) அவர்கள். செல்வாக்கும் குலப்பெருமையும் இல்லாதாரை அவர் சாட்சிகளாகச் சேர்த்தபோது ஊர்ப் பெருமக்கள் கொதித்தனர். தகுதியற்றோரை நுழைத்துவிட்டார் என்று முகத்துக்கு நேரே குறை கூறினர். இது மார்க்கக் காரியம், நம் மீதுள்ள கடமையைச் செய்தோம் என்பதே அவர் தந்த மறுமொழி. ஏட்டில் இடம்பெற்றவர்கள் அதனைத் தம் குடும்பச் சொத்தாகக் கருதத் தொடங்கியிருந்தனர் என்பதை இந்நிகழ்ச்சியே காட்டிக் கொடுக்கிறது. தவறியவரை நீக்குவதைக் காட்டிலும், தகுதியுள்ள எளியவரைச் சேர்ப்பதற்குத்தான் மிகுந்த துணிவு தேவைப்பட்டிருக்கிறது.

நீக்கப்பட்டவர் மீளலாமா? பொதுவாகப் பாவமன்னிப்புக் கோரித் திருந்தியவர் மீளலாம். வெறும் சொல் போதாது. ஓராண்டு அவரது நடத்தையைக் கவனிக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ நூல்களில் காணப்படும் வரையறை. கற்புடைய பெண் மீது அவதூறு கூறித் தண்டனை பெற்றவன் விஷயத்தில்தான் இமாம்கள் பிரிகின்றனர். அந்நூர் அத்தியாயத்தின் நான்காம் வசனம், அவனது சாட்சியத்தை ஒருபோதும் ஏற்கலாகாது என்கிறது. ஐந்தாம் வசனம் திருந்தியவர்களுக்கு விலக்களிக்கிறது. அவ்விலக்கு ‘பாவி’ என்னும் பெயரை மட்டுமே போக்கும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு. நாவினால் குற்றம் செய்தவனுக்கு அந்த நாவின் சாட்சியம் செல்லாமற்போவதும் தண்டனையின் ஒரு பகுதியே என்று ஹனஃபீ அறிஞர்கள் விளக்குவர். சாட்சியத் தகுதியும் மீளும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் முடிவு. திருந்துவோரின் சாட்சியத்தை ஏற்பதாகக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தண்டனை பெற்றவர்களிடமே கூறிய செய்தியை அவர்கள் சான்றாகக் கொள்வார்கள். இரு மத்ஹபு மாணவர்களும் ஒரே பாயில் அமரும் நம் வகுப்பில், இவ்விடம் வரும்போது மணி அடித்த பின்னும் விவாதம் ஓய்வதில்லை.