கட்டங்களுக்குள் கலகம் – 7: முகமூடி யாருக்குச் சொந்தம்?

1981. டெஸ் ஸ்கின் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாசிரியர் ‘வாரியர்’ என்ற புதிய காமிக்ஸ் இதழுக்கான வேலைகளில் மும்முரமாக இருந்தார். இதழுக்கு ஒரு மர்ம நாயகன் தேவைப்பட்டான். ஓவியர் டேவிட் லாயிடிடம் பொறுப்பைக் கொடுத்தார். லாயிட் தன் பங்குக்கு, நார்தாம்ப்டன் நகரத்து எழுத்தாளர் ஆலன் மூரைக் கூட்டு சேர்த்துக்கொண்டார்.

மூருக்கும் அதிகாரத்துக்கும் இளமையிலேயே ஒத்துப்போகவில்லை. போதைப்பொருள் விவகாரத்தில் பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவர் அவர். ஆளும் அரசே வேண்டாம், மனிதர்கள் தங்களுக்குள் பேசி ஒத்துழைத்து வாழ முடியும் என்னும் அரசின்மைவாதத்தின் மேல் பிடிப்பு கொண்டவர்.

முதலில் 1930களின் அமெரிக்க கேங்ஸ்டர் கதை ஒன்றைத்தான் யோசித்தார்கள். பழைய கார்களையும் கோட்டுகளையும் தேடித்தேடி வரைவதில் லாயிடுக்கு நாட்டமில்லை. கதை எதிர்கால பிரிட்டனுக்கு நகர்ந்தது. நாயகனின் தோற்றம் மட்டும் பிடிபடாமல் இழுத்தடித்தது. கடைசியில் லாயிட் ஒரு கடிதம் எழுதினார்: கை ஃபாக்ஸின் முகமூடியை மாட்டிவிட்டால் என்ன?

கை ஃபாக்ஸ், 1605 நவம்பர் 5 அன்று லண்டன் நாடாளுமன்றத்தின் அடியில் 36 பீப்பாய் வெடிமருந்துடன் பிடிபட்டவர். மறு ஆண்டு ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிரிட்டனில் இன்றும் ஆண்டுதோறும் நவம்பர் 5இல் அவரது கொடும்பாவியை எரித்து, பட்டாசு வெடித்துக் கொண்டாடுகிறார்கள். இத்தனைக்கும் அவர் அரசே கூடாது என்றவர் அல்ல. புராட்டஸ்டன்ட் மன்னர் போய்க் கத்தோலிக்க ஆட்சி வரவேண்டும் என்று விரும்பியவர். எரிக்கப்படும் இந்த மனிதரைக் கொண்டாடினால் என்ன என்பதுதான் லாயிடின் குறும்பு. மாதிரிக்கு ஒரு முகமூடி வாங்கலாம் என்றால் அது கோடைக்காலம். நவம்பரை ஒட்டி மட்டுமே விற்கும் பொருள் கடையில் இல்லை. லாயிட் நினைவிலிருந்து தானே ஒன்றை வரைந்தார். சுருண்ட மீசையும் ஏளனச் சிரிப்புமாக உலகம் இன்று அறிந்த முகம் அது.

1982 மார்ச் தேதியிட்ட முதல் ‘வாரியர்’ இதழில், கறுப்பு வெள்ளையில், ‘வி ஃபார் வெண்டெட்டா’ தொடங்கியது. அது மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்த காலம். முந்தைய ஆண்டுதான் பிரிக்ஸ்டனிலும் லிவர்பூலிலும் கலவரம் வெடித்திருந்தது. வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நிறவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரண்ட் தெருக்களில் ஊர்வலம் போனது.

கதையில் வருடம் 1997. அணு ஆயுதப் போரில் தப்பிப் பிழைத்த பிரிட்டனை ‘நார்ஸ்ஃபயர்’ என்னும் பாசிசக் கட்சி ஆள்கிறது. அதன் துறைகளுக்கு உடல் உறுப்புகளின் பெயர்கள்: கேமராவில் வேவு பார்ப்பது ‘கண்’, ஒட்டுக்கேட்பது ‘காது’, துப்பறிவது ‘மூக்கு’, வானொலியில் பேசுவது ‘வாய்’, வீதியில் அடித்து நொறுக்குவது ‘விரல்’. தலைமைப் பீடத்தில் ஆடம் சூசன். இந்த உடம்பை உறுப்பு உறுப்பாக வெட்டிச் சாய்க்கிறான், ‘வி’ என்ற ஒற்றை எழுத்தைப் பெயராகக் கொண்ட முகமூடிக்காரன்.

மனதில் நினைப்பதைச் சொல்லும் குமிழ்களும் ‘டமால்’, ‘டுமீல்’ சத்தங்களும் வேண்டாம் என்று லாயிட் நிபந்தனை போட்டார். அதனால் ‘வி’யின் மனதில் என்ன ஓடுகிறது என்பது வாசகருக்குக் கடைசிவரை தெரியாது. முகமும் தெரியாது.

ஆரம்ப அத்தியாயங்களில் ஒன்று இந்தத் தொடரின் சாரத்தையே சொல்லிவிடும். முதல் பாதியில் சூசன் காரில் அலுவலகம் போகிறார். வலிமை, ஒழுங்கு, ஒற்றுமை என்று தன் கொள்கையை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போகிறவர், ‘விதி’ என்ற ராட்சதக் கணினியின் முன்னால் காதலனைப் போல உருகுகிறார். இரண்டாம் பாதியில் ‘வி’, ஓல்டு பெய்லி நீதிமன்ற உச்சியில் நிற்கும் நீதி தேவதையிடம் பேசுகிறான். அவள் குரலிலும் அவனே பதில் சொல்லிக்கொள்கிறான். சீருடைக்காரர்களோடு போய்விட்டாய், எனக்கு இப்போது வேறொருத்தி இருக்கிறாள், அவள் பெயர் அரசின்மை என்கிறான். இதய வடிவப் பெட்டி ஒன்றை அன்பளிப்பாக வைத்துவிட்டு இறங்கி வருகிறான். பின்னால் சிலை வெடிக்கிறது. எதிரெதிர்க் கொள்கைகள், இருவருக்கும் ஒரே பித்து. எது சரி என்று மூர் தீர்ப்பு எழுதவில்லை.

‘வி’யையும் அவர் புனிதராக்கவில்லை. தான் காப்பாற்றிய ஈவி என்ற சிறுமியை, அரசின் சிறை என்று நம்பவைத்து அடைத்து, மொட்டையடித்துச் சித்திரவதை செய்பவன் ‘வி’தான். அழிக்கும் வேட்கையும் படைப்பு வேட்கையே என்று 1842இல் எழுதிய ரஷ்யர் பக்கூனினின் சாயல் அவனிடம் உண்டு. ஆனால் அழித்தவன் ஆளக்கூடாது என்பதில் அவன் உறுதி. கட்டும் வேலையை ஈவியிடம் விட்டுவிட்டுச் செத்துப்போகிறான்.

26 இதழ்களோடு 1985இல் ‘வாரியர்’ நின்றது. தொடர் அந்தரத்தில் தொங்கியது. அமெரிக்காவின் டிசி நிறுவனம் அதை வாங்கி, வண்ணம் சேர்த்து, 1988–89இல் பத்து இதழ்களாக முடித்து வெளியிட்டது. புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை படைப்பாளிகளுக்கே திரும்பும் என்பது ஏற்பாடு. புத்தகமோ சக்கைப்போடு போட்டது. அச்சு நிற்கவே இல்லை. தான் ஏமாற்றப்பட்டதாகக் கருதிய மூர், டிசியோடு உறவை முறித்துக்கொண்டார். 2006இல் வார்னர் நிறுவனத்தின் திரைப்படம் வந்தபோது தன் பெயர் திரையில் வரக்கூடாது என்றார். பணத்தையும் தொடவில்லை.

படம் முகமூடியைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2008 பிப்ரவரியில் ‘அனானிமஸ்’ இணையக் குழுவினர் சயின்டாலஜி அமைப்புக்கு எதிராக அதை அணிந்து தெருவில் இறங்கினார்கள். 2011இல் வால் ஸ்ட்ரீட்டை முற்றுகையிட்டவர்களும் அதையே மாட்டினார்கள். 2013இல் பஹ்ரைன் அரசு முகமூடியின் இறக்குமதிக்கே தடை போட்டது. பெருநிறுவனங்களை எதிர்த்துக் கோஷமிட்டவர்கள் வாங்கிய ஒவ்வொரு அசல் முகமூடிக்கும் ராயல்டி டைம் வார்னருக்குப் போனது.

அதிகாரத்தின் மேல் மூருக்கு இருந்த சந்தேகம் தமிழ் வாசகர்களின் பால்ய நண்பர்களையும் விட்டுவைக்கவில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவியும், பின்னர் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் அறுபதுகளின் பிரிட்டிஷ் வார இதழ்களில் பிறந்தவர்கள். இவர்களையெல்லாம் பிரிட்டிஷ் அரசு வளைத்துப் பிடித்து ரகசியச் சிறையில் பூட்டிவிட்டது என்று ‘ஆல்பியன்’ தொடருக்குக் கதைக்கரு அமைத்துக் கொடுத்தார் மூர். அரசின் ரகசியப் படைக்காக உழைத்த மாயாவிக்கும் அதே கதிதான். மகள் லியா மூரும் மருமகன் ஜான் ரெப்பியனும் எழுதிய அந்தத் தொடர் 2005இல் வெளிவரத் தொடங்கியது. அதை வெளியிட்ட வைல்ட்ஸ்டார்ம், அப்போது டிசியின் கையில் இருந்தது.

(தொடரும்)